குருவிக் கணக்கு

போன இதழில் என்னைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. மூணாறு மலையில் ஒரு கிளப்பில் பதினாறு வயதில் கோல்ஃப் பை தூக்கப் போனவன், முப்பத்தொரு வருடம் கேடியாக இருந்தவன், இப்போது போடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன் என்று. கோல்ஃப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் எழுதலாம் என்று ஆசிரியர் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டார். இந்த ஊரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று சும்மா இருந்தேன். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குழப்பம்தான், ஸ்கோர்.

முதலில் ஒரு விளக்கம். கேடி என்றால் ஆட்டக்காரருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவன். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டுகிற கேடி இல்லை. எனக்குப் பெண் பார்க்க வந்தபோது தரகர் "மாப்பிள்ளை மூணாறில் கேடி" என்று சொல்லி, பெண் வீட்டார் பாதிக் காப்பியில் எழுந்துவிட்டார்கள். அதைச் சரிக்கட்டவே மூன்று மாதம் ஆனது.

* * *

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் "மைனஸ் 15" எடுத்து நான்காவது இடம் பிடித்தார் என்று படித்தேன். பரீட்சையில் மைனஸ் வாங்கினால் ஃபெயில். இதில் மட்டும் எப்படிப் பெருமை?
— பிளஸ் டூ மாணவி, கம்பம்

நீ கேட்டதையேதான் என் அம்மாவும் கேட்டாள், தாயி. அவள் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். கூடை எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு காசு. நான் முதல் நாள் வேலை முடிந்து லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வீட்டு வரிசைக்கு வந்து, "இன்றைக்கு 110 அடித்தவர் தோற்றார், 84 அடித்தவர் ஜெயித்தார்" என்று சொன்னபோது, "குறைச்சு அடிச்சவனுக்கா கப்பு? நல்லாயிருக்குடா உங்க துரைமாரு ஞாயம்" என்றாள்.

கோல்ஃபில் பந்தை எத்தனை அடியில் குழிக்குள் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. அடி குறையக் குறைய ஆள் கெட்டிக்காரன். ஆனால் வெறும் அடியை எண்ணிச் சொன்னால், பாதி ஆட்டத்தில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஒருவர் ஏழு குழி முடித்திருப்பார், இன்னொருவர் பன்னிரண்டு முடித்திருப்பார். அதனால் ஒவ்வொரு குழிக்கும் "இத்தனை அடியில் முடிக்க வேண்டும்" என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பார். அந்த அளவுக்கு எத்தனை குறைவு, எத்தனை கூடுதல் என்றுதான் டிவியில் காட்டுகிறார்கள்.

இதுவும் கொழுந்து மாதிரிதான், ஆனால் தலைகீழ். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு உண்டு. 2015-ல் மூணாறு சாலையில் பெண்கள் உட்கார்ந்து போராடினார்களே, அப்போது 21 கிலோ என்று பேப்பரில் எல்லாம் வந்தது. அந்த அளவுக்கு மேலே எடுத்தால் கூடுதல் காசு. கோல்ஃபில் அந்த அளவுக்குக் கீழே போனால்தான் மரியாதை.

இப்போது அதிதி கணக்குக்கு வா. டோக்கியோ மைதானத்தில் 18 குழிக்கும் சேர்த்து பார் 71. நான்கு நாள் ஆட்டம். 71-ஐ நாலால் பெருக்கினால் 284. அந்தப் பொண்ணு அடித்தது 67, 66, 68, 68. கூட்டினால் 269. 284-ல் 269 போனால் 15. அதுதான் மைனஸ் 15. தங்கம் வாங்கிய நெல்லி கோர்டா 267, அதாவது மைனஸ் 17. இரண்டு பேர் 268-ல் நின்றார்கள். அவர்களுக்குள் மறுபடி ஆடி, மோனே இனாமி வெள்ளியும் லிடியா கோ வெண்கலமும் எடுத்தார்கள். நம்ம பொண்ணு மெடலை விட்டது நான்கு நாளில் ஒரே ஒரு அடியில்! அன்றைக்கு 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டே பார்த்தேன். இடையில் இடி மழை என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். எனக்கு உளுந்தும் ஓடவில்லை, தராசும் ஓடவில்லை.

ஸ்கோர் போர்டில் சில பேருக்கு நேரே எண் இல்லாமல் "E" என்று ஒரு ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பாருக்குச் சரி என்று அர்த்தம்.

* * *

"பார்" என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே பார்தான். கோல்ஃப் பாரை நிர்ணயிப்பது யார்? எதை வைத்து?
— ஏலத்தோட்டக் கணக்கர், சாந்தாம்பாறை

கிளப்பில் அந்தப் பாரும் உண்டு. இந்தப் பாரில் கெட்டவர்கள் நேராக அந்தப் பாருக்குத்தான் போவார்கள்.

பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் அண்ணே. பந்தை வைத்து முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து குழி வரை எத்தனை கெஜம் என்று அளப்பார்கள். ஆண்களுக்குச் சுமார் 250 கெஜம் வரை பார் 3. அதற்கு மேல் சுமார் 470 வரை பார் 4. அதையும் தாண்டினால் பார் 5. ஏற்றம், இறக்கம், ஓடை இதெல்லாம் பார்த்துக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும், அதற்குக் கிரீன் என்று பெயர். கிரீனுக்கு வந்த பிறகு பந்தைத் தட்டி உருட்டுவதற்கு எப்போதும் இரண்டு அடி ஒதுக்கிவிடுவார்கள். ஆக, பார் 3 என்றால் ஒரே அடியில் கிரீனுக்கு வந்துவிட வேண்டும். பார் 4 என்றால் இரண்டு அடி, பார் 5 என்றால் மூன்று. மிச்சம் இரண்டு உருட்ட. இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் பாதிக் கோல்ஃப் படித்த மாதிரி.

சாதாரணமாக 18 குழியில் பார் 3 நாலு, பார் 5 நாலு, மீதிப் பத்தும் பார் 4. கூட்டிப் பாருங்கள், 72 வரும். மூணாறு ஹை ரேஞ்ச் கிளப் மாதிரி மலையில் இருக்கிற இடங்களில் ஒன்பது குழிதான். இருக்கிற சமதளம் அவ்வளவுதானே. 18 வேண்டுமென்றால் அதையே இரண்டு சுற்று வர வேண்டும். தோளில் பையோடு இரண்டாவது சுற்று ஏறும்போது ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு இல்லை, இருபத்தைந்து மாதிரி இருக்கும்.

சொல் வந்த கதை உங்களுக்குப் பிடிக்கும், கணக்கு எழுதுகிறவர் இல்லையா. இது பங்குச் சந்தைச் சொல். ஒரு பங்கின் விலை முகமதிப்புக்கு மேலே, கீழே என்று சொல்வார்களே, அந்த முகமதிப்புக்குப் பெயர் பார். 1870-ல் ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் என்ற இடத்தில் பெரிய போட்டி. அப்போது அங்கே 12 குழிதான். தப்பே இல்லாமல் ஆடினால் ஒரு சுற்றுக்கு எத்தனை வரும் என்று ஒரு பத்திரிகைக்காரர் இரண்டு ஆட்டக்காரர்களிடம் கேட்டார். 49 என்றார்கள். அதற்குத்தான் அவர் பார் என்று பெயர் வைத்தார். மூன்று சுற்றுக்கு 147. ஜெயித்த இளைய டாம் மோரிஸ் 149 அடித்தார். இன்றைய பேச்சில் சொன்னால் பிளஸ் 2.

* * *

பந்து அடிக்கிற ஆட்டத்தில் குருவியும் கழுகும் எங்கிருந்து வந்தன?
— ஆட்டோ ஓட்டுநர், குமுளி

அமெரிக்காவிலிருந்து பறந்து வந்தன. 1900-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே எது ரொம்ப நன்றாக இருந்தாலும் "பேர்ட்", அதாவது பறவை என்பார்கள். நாம் "சூப்பர்" என்கிறோமே, அந்த மாதிரி. அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கிளப்பில் ஒருவர் அடித்த பந்து குழிக்குச் சில அங்குலம் தள்ளி வந்து நின்றது. "இதல்லவா பேர்ட்!" என்று சத்தம் போட்டுவிட்டு, பாருக்கு ஒரு அடி குறைவாக முடித்தார். அப்படி முடித்தால் பந்தயப் பணம் இரட்டிப்பு என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். அதிலிருந்து ஒன்று குறைந்தால் பர்டி, அதுதான் குருவி.

குருவி வந்த பிறகு மற்றவற்றுக்குப் பஞ்சமா? இரண்டு குறைந்தால் ஈகிள், கழுகு. பார் 5 குழியை மூன்றில் முடிப்பது. மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். இது தென்கடல் பக்கம் நாள் கணக்கில் சிறகடிக்காமல் மிதக்கிற பெரிய கடற்பறவை. எங்கள் கேடிகள் யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு "அண்டரண்டப் பட்சி" என்று பெயர் வைத்திருந்தோம். அமெரிக்கர்கள் இதற்கு மட்டும் பறவையை மாற்றாமல் "டபுள் ஈகிள்" என்றே சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இரண்டு கழுகு என்றால் நாலு அல்லவா குறைய வேண்டும்? நாலு குறைவதற்கும் காண்டோர் என்று ஒரு மலைக்கழுகின் பெயர் இருக்கிறது. உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் நடந்திருக்கிறது, விட்டுவிடலாம்.

ஆல்பட்ராஸில் பேர் போனது அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாராசன் அடித்தது. 1935, அமெரிக்காவில் நடக்கிற மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி, கடைசிச் சுற்று. பதினைந்தாவது குழி, பார் 5. முதலிடத்தில் இருந்தவர் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்டார், சாராசன் அவரைவிட மூன்று அடி பின்னால். இரண்டாவது அடிக்குக் குழி இன்னும் 235 கெஜம் தள்ளி, நடுவே குளம். நாலாம் நம்பர் மர மட்டையை எடுத்து அடித்தார். பந்து குளத்தைத் தாண்டி, கிரீனில் உருண்டு, குழிக்குள் போய்விட்டது. ஐந்து அடி ஒதுக்கிய இடத்தில் இரண்டு. மூன்று அடிப் பாக்கியும் ஒரே வீச்சில் தீர்ந்தது. மறுநாள் 36 குழி மறு ஆட்டம் வைத்தார்கள், அதிலும் அவரே ஜெயித்தார்.

முப்பத்தொரு வருடத்தில் நான் குருவி எண்ணமுடியாமல் பார்த்திருக்கிறேன். கழுகு பத்துப் பதினைந்து இருக்கும். பட்சி ஒன்றுகூட இல்லை.

* * *

பர்டிக்கு எதிர்ப்பதம் "போகி" என்று வர்ணனையில் சொல்கிறார்கள். நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— கல்லூரி ஆசிரியை, செங்கோட்டை

சம்பந்தம் இல்லை டீச்சர், ஆனால் எங்கள் கிளப்பில் ஒரு துரை நாலு குழியில் தொடர்ந்து போகி போட்டபோது, "பழையதை எல்லாம் கொளுத்திட்டு வாங்க சார்" என்று என் கூட்டாளி தமிழில் சொன்னான். அவருக்குப் புரியவில்லை, தலையாட்டிக்கொண்டார்.

பாரைவிட ஒன்று கூடினால் போகி. இரண்டு கூடினால் டபுள் போகி, மூன்று என்றால் டிரிபிள் போகி. பறவைகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தவர்கள், தோற்பவர்களுக்கு மட்டும் எண் போட்டு விட்டுவிட்டார்கள்.

இந்தப் போகி யார் தெரியுமா? நம் பூச்சாண்டி. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பூச்சாண்டியைப் பற்றி ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதே சமயத்தில் சில கிளப்புகளில் ஒரு புதிய பழக்கம் வந்தது. எதிரே ஆள் இல்லாவிட்டாலும், "இந்தக் குழிக்கு நல்ல ஆட்டக்காரன் இத்தனை அடிப்பான்" என்று எழுதி வைத்துக்கொண்டு அந்த எண்ணோடு மோதுவது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆள் தப்பே செய்வதில்லை. "இவன் சரியான பூச்சாண்டியப்பா" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. ராணுவக்காரர்கள் கிளப் ஒன்றில், இங்கே எல்லாருக்கும் பதவி இருக்கிறது, பூச்சாண்டிக்கு மட்டும் இல்லாமல் எப்படி என்று அவருக்குக் கர்னல் பதவியும் கொடுத்தார்கள்.

கவனித்தீர்களா? அப்போது போகி என்பதுதான் சரியான அளவு. தப்பு ஆட்டத்தின் பெயர் இல்லை. அப்புறம் ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது, அடி தூரம் போனது, நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பழைய போகி அளவு சுலபமாகிவிட்டது. பார் என்ற இன்னொரு அளவை இறுக்கிப் பிடித்தார்கள். பல குழிகளில் பார் 4 என்றால் பழைய போகி 5. கர்னல் அப்படியே ஒரு படி இறங்கி, "பாரைவிட ஒன்று கூட" என்று ஆகிவிட்டார். கூட இருந்தவன் மேலே போனதால் நாம் கீழே போன மாதிரி தெரிவது உண்டல்லவா, அதுதான் அவருக்கு நடந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் கார்டில் பர்டி எடுத்த எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார்கள். ஈகிளுக்கு இரட்டை வட்டம். போகிக்குக் கட்டம், டபுள் போகிக்கு இரட்டைக் கட்டம். பாருக்கு ஒன்றும் கிடையாது, வெறும் எண். கூட்டிப் பார்க்காமலே ஆள் எப்படி ஆடினார் என்று தெரிந்துவிடும். எங்கள் மலையில் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி.

* * *

ஒரே அடியில் குழிக்குள் போட்டால் எத்தனை மார்க்?
— ஏழாம் வகுப்பு மாணவன், தேவாரம்

ஒன்று. அடி ஒன்று, ஸ்கோரும் ஒன்று. பார் 3-ல் அடித்தால் கணக்குப்படி அது ஈகிள்தான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஹோல் இன் ஒன்" என்று தனி மரியாதை. குழியின் வாய் 108 மில்லிமீட்டர்தான் தம்பி, உன் வீட்டுச் சொம்பின் வாயளவு. பந்து கிட்டத்தட்ட 43 மில்லிமீட்டர்.

ஒரு முறை நேரில் பார்த்தேன். அடித்தவருக்குப் பந்து எங்கே போனது என்றே தெரியவில்லை. நானும் அவரும் கிரீனுக்குப் பின்னால் புதரில் கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் குழியில் எதேச்சையாக எட்டிப் பார்த்தது நான். ஹோல் இன் ஒன் அடித்தவர்தான் கிளப்பில் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம். பரிசு வாங்க வேண்டியவர் செலவு செய்கிற ஒரே ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கு முட்டை பஜ்ஜி இரண்டு தட்டு.

* * *

நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் ஒருவர் "என் ஹேண்டிகேப் 20" என்று பெருமையாகச் சொன்னார். உடல் குறையைச் சொல்கிறாரோ என்று வருத்தப்பட்டேன். அப்புறம் 94 அடித்தவர் 80 அடித்தவரை ஜெயித்தார் என்கிறார்கள். குறைவாக அடித்தால் ஜெயிப்பு என்று சொன்னீர்களே?
— ரிசார்ட் ஊழியர், பூப்பாறை

வருத்தப்படாதே தம்பி, அது ஆட்டக் குறை. சின்ன வயதில் ஓட்டப் பந்தயம் வைக்கும்போது குட்டிப் பையனை நாலு அடி முன்னால் நிறுத்துவோமே, அதுதான் ஹேண்டிகேப். ஒருவர் வழக்கமாகப் பாரைவிட எத்தனை கூடுதலாக அடிப்பாரோ, ஏறத்தாழ அத்தனை அடியை மொத்தத்தில் கழித்துக்கொடுப்பார்கள். 94 அடித்தவருக்கு 20 கழித்தால் 74. 80 அடித்தவருடைய ஹேண்டிகேப் 4 என்று வை, 76. ஆக 94-க்குக் கப்பு. கழிக்காத எண் கிராஸ், கழித்தது நெட். சம்பளச் சீட்டு மாதிரிதான், கையில் வருவது நெட்.

2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறையில் கணக்குப் போடுகிறார்கள். அதிகபட்சம் 54 வரை போகலாம். 54 என்றால் ஒவ்வொரு குழிக்கும் மூன்று அடி சலுகை. அப்பா, மகன், தாத்தா மூவரும் ஒரே பந்தயத்தில் சமமாக நின்று மோதுகிற மாதிரி வேறு எந்த ஆட்டத்தில் உண்டு? எனக்குக் கோல்ஃபில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பிடிக்காததும் இதில்தான். பந்தயம் வருகிறது என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொள்கிற புண்ணியவான்கள் உண்டு. பந்தயத்தன்று புலி மாதிரி ஆடுவார்கள். பை தூக்குகிறவனுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொரு முறையும் காதில் விழுந்திருக்கும், ஸ்டேபிள்ஃபோர்ட். ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் கண்டுபிடித்தது, 1932-ல் இங்கிலாந்தில் பழக்கத்துக்கு வந்தது. இதில் பாருக்கு 2 புள்ளி, பர்டிக்கு 3, ஈகிளுக்கு 4, போகிக்கு 1. டபுள் போகி, அதற்கு மேல் எதுவானாலும் பூஜ்யம். இங்கே மட்டும் கூடுதலாக எடுத்தவர் ஜெயிப்பார். ஒரு குழியில் பத்து அடி அடித்துவிட்டாலும் நாள் முழுக்க அழ வேண்டாம், பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போகலாம். என் அம்மாவுக்கு இந்த முறையைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள்.

* * *

அடியை எண்ணுவது யார்? அம்பயர் கூடவே நடப்பாரா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், நெடுங்கண்டம்

பெரும்பாலும் நடக்க மாட்டார். நானே எதிர்பார்த்திருந்த கேள்வி இது.

ஆட்டக்காரர்களே தங்களுக்குள் கார்டை மாற்றிக்கொள்வார்கள். உங்கள் அடியை என் கார்டில் அல்ல, உங்கள் கார்டை நான் வைத்துக்கொண்டு அதில் எழுத வேண்டும். கடைசியில் நீங்கள் ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். உண்மையைவிடக் குறைத்து எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே வெளியே. கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும்.

இதில் ஒரு மகா பாவம் நடந்தது. 1968 மாஸ்டர்ஸ், கடைசிச் சுற்று. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, அன்றைக்கு அவருக்கு 45-வது பிறந்த நாள். பதினேழாவது குழியில் பர்டி, மூன்று அடி. உலகமே டிவியில் பார்த்தது. கூட ஆடிய டாமி ஆரன் கார்டில் தவறுதலாக 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். 65 அடித்தவருக்கு 66 ஆனது. மறுநாள் பாப் கோல்பியோடு சமநிலை மறு ஆட்டம் ஆட வேண்டியவர், ஒரு அடியில் தோற்றார். குழிக்குள் போன குருவி காகிதத்தில் பறந்துவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை, தன்னைத்தான் முட்டாள் என்று சொல்லிக்கொண்டார்.

இனி என் கதை. கிளப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். நான் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவருக்குப் பை தூக்கினேன். பந்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய்விட்டது. எதிராளி அந்தப் பக்கம் தன் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவர் புதருக்குள் போனார். சத் என்று ஒரு சத்தம். கிளை ஆடியது. மறுபடி சத். மூன்றாவது சத்தத்தில் பந்து வெளியே வந்தது. கிரீனுக்கு ஒன்று, உருட்ட இரண்டு. முதல் அடியோடு சேர்த்து ஏழு.

எதிராளி பென்சிலை எடுத்துக்கொண்டு, "எத்தனை?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், "ஃபைவ். இல்லையா பையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், நம் ஊர்த் தலையாட்டல். அவர் எழுதிக்கொண்டார். சாயங்காலம் வழக்கமான பத்து ரூபாய்க்கு இருபது கிடைத்தது.

லயத்தில் அம்மா ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஈரக் கழிவு, கூடைக் கழிவு என்று தினமும் தராசுக்காரர் இரண்டு கிலோ மூன்று கிலோ குறைப்பார். அதைச் சொல்லிப் புலம்பாத நாள் இல்லை. அன்றைக்குப் புலம்பவில்லை. "உனக்கும் தராசு பிடிக்க வந்துடுச்சு" என்றாள். இருபது ரூபாயைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அது ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு என்னிடம் யார் கேட்டாலும் விரலை விரித்துக் காட்டிவிடுவேன். வாயால் சொன்னால்தானே மாற்றிக் கேட்பார்கள். இரண்டு பேர் அதனால் வேறு கேடி கேட்டார்கள்.

* * *

"3 அண்ட் 2" கணக்கில் ஜெயித்தார் என்றால் என்ன?
— வாசகர், உத்தமபாளையம்

அது வேறு வகை ஆட்டம், மேட்ச் பிளே. மொத்த அடியை எண்ணுவதில்லை. ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சண்டை. குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி. நீங்கள் மூன்று குழி முன்னால் இருக்கிறீர்கள், ஆட இன்னும் இரண்டே குழிதான் பாக்கி. எதிராளி இரண்டையும் ஜெயித்தாலும் எட்ட முடியாது. கை குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அதுதான் 3 அண்ட் 2.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. பந்தை வைக்கிற சின்ன ஆணிக்கும் டீ என்றுதான் பெயர். "டீ கொண்டா" என்று துரை சொல்ல, நான் முதல் வாரத்தில் ஃபிளாஸ்க்கோடு ஓடியிருக்கிறேன். தேயிலை மலையில் பிறந்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பார்கள்?

* * *

எங்கள் பக்கம் யானை அதிகம். மைதானத்தில் யானை வந்தால், லத்தி போட்டால், ஸ்கோர் என்ன ஆகும்?
— வனத்துறைத் தற்காலிகப் பணியாளர், மறையூர்

கேலிக்காகக் கேட்டிருந்தாலும், இதற்குச் சட்டப்படி பதில் இருக்கிறது.

லத்தி கோல்ஃப் விதிப்படி உதிர்ந்த இலை, சுள்ளி, கல்லோடு சேர்ந்தது. பந்துக்குப் பக்கத்தில் கிடந்தால் அள்ளிப் போட்டுவிடலாம், அபராதம் இல்லை. ஆனால் அள்ளும்போது பந்து நகர்ந்தால் ஒரு அடி கூடும், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். பந்து கிரீனில் இருந்தால் அந்த ஒரு அடியும் கிடையாது. யானை லத்தியைப் பந்து நகராமல் எடுப்பது எப்படி என்று விதிப் புத்தகம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேராக, ஒரு சாக்கை அடியில் சொருகி எடுப்போம். கிரீனில் யானை நடந்து குழி விழுந்திருந்தால் தட்டிச் சமன் செய்துகொள்ளலாம், 2019 விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

ஆபத்தான விலங்கு பந்துக்குப் பக்கத்தில் இருந்தால் அபராதம் இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். பாம்பு, தேனீ, முதலை, கரடி என்று உதாரணம் எழுதியிருக்கிறார்கள். யானையைச் சேர்க்கவில்லை, ஆனால் அதற்கு யார் சாட்சி கேட்கப் போகிறார்கள்?

எனக்கு ஒரு முறை நடந்தது. மாலை, பனி இறங்குகிற நேரம். ஏழாவது குழி, பார் 4. துரை இரண்டாவது அடி அடித்துவிட்டார், பந்து கிரீன் ஓரத்தில் போய் நின்றது. சோலையிலிருந்து ஒற்றைக் கொம்பன் வெளியே வந்து, கிரீனுக்கு நடுவே கொடிக்கம்பு பக்கத்தில் நின்றுகொண்டு காதை ஆட்டியது. பையைப் போட்டுவிட்டு நான் ஓட, எனக்கு முன்னால் துரை ஓட, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் எதிராளி ஓட, கிளப் வராந்தாவில்தான் நின்றோம். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஆள் நிதானத்துக்கு வந்ததும் துரை கார்டைக் கேட்டு வாங்கினார். ஏழாவது குழிக்கு நேரே 4 என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.